மால்மோ ரயிலில் வந்த அக்காவுக்கு

போன மார்கழியில் கோபன்ஹேகனிலிருந்து ஸ்வீடனின் மால்மோவுக்குப் போகும் ரயிலில் என் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்கத் தோன்றவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஹில்லி நிலையத்தில் பொலிசார் அடையாள அட்டை பார்க்க ஏறினார்கள். என் மடியிலிருந்த கடிதத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "என்ன தம்பி, மனைவிக்கு விசா மறுத்திட்டாங்களோ?"

ஆம். நான் டென்மார்க் குடிமகன், ஆனாலும் இருவருக்கும் 24 வயது ஆகியிருக்க வேண்டுமாம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவளுக்கு 22.

அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பென்சிலால் எழுதிக் காட்டினீர்கள். டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஸ்வீடனுக்கு வந்து வேலை செய்தால் டென்மார்க் சட்டம் அல்ல, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதிதான் எனக்குப் பொருந்தும். அதில் 24 வயதுக் கதையே இல்லை. மனைவியின் நுழைவு விசாவுக்குக் கட்டணமும் இல்லை. "பேருக்கு முகவரி மாத்தினால் போதாது, உண்மையா இங்க வாழோணும்" என்று இரண்டு தரம் கோடு போட்டீர்கள். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, கல்யாணப் பதிவு எல்லாம் எடுத்துவைக்கச் சொன்னீர்கள்.

சரி என்று மால்மோவில் ஒரு கிடங்கில் வேலை தேடிக்கொண்டேன். அப்புறம் ஓர் அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் பேருந்துச் சத்தம்தான்.

போன கிழமை அவள் வந்து சேர்ந்தாள். கொண்டுவந்த மிளகாய்த்தூளில் உங்களுக்கும் ஒரு பொட்டலம் எடுத்துவைத்திருக்கிறோம், அக்கா.