மாஸ்டர்ஸ் டேபிளைப் பற்றிச் சித்தப்பாவுக்கு

வுட் கிரீன், இலண்டன்
25.1.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் சித்தியும் நலம்தானே? ஜனவரிக் குளிர் கடுமையாக இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஆனாலும் ஸ்நூக்கர் பிடித்தவர்களுக்கு இலண்டனில் இதைவிட நல்ல மாதம் கிடையாது. உலகத் தரவரிசைக்கான பாயிண்டே இல்லாத மாஸ்டர்ஸ் என்ற ஸ்நூக்கர் போட்டிக்கு ஏன் இத்தனை மரியாதை, அந்த டேபிளில் மட்டும் பந்து எப்படி அப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில், அழைப்புதான். டிசம்பரில் யு.கே. சாம்பியன்ஷிப் முடிந்ததும் உலகத் தரவரிசையில் முதல் 16 இடங்களில் இருப்பவர்களைக் கூப்பிடுகிறார்கள். தகுதிச்சுற்று கிடையாது, அதனால் முதல் நாளிலிருந்தே லேசான ஆட்டம் என்று ஒன்று இருக்காது. இந்தத் தடவை நடப்புச் சாம்பியன் ரோனி ஓசல்லிவன் உடல்நலக் காரணத்தால் விலகினார். 17ஆம் இடத்தில் இருந்த நீல் ராபர்ட்சன் உள்ளே வந்தார். மாற்று ஆளாக வருபவரே 2010இன் உலகச் சாம்பியன்! அரையிறுதி வரை முதலில் 6 ஃபிரேம் (ஒவ்வொரு தனி ஆட்டமும் ஒரு ஃபிரேம்) எடுப்பவர் ஜெயிப்பார், இறுதியில் 10. ஷான் மர்ஃபி அரையிறுதியில், ஒரே முறையில் எடுக்கக்கூடிய அதிகபட்சமான 147 போட்டு, இறுதியில் கைரன் வில்சனை 10-7 என்று வென்றார். பரிசு 3,50,000 பவுண்டு. 1984இல் கர்க் ஸ்டீவன்ஸ் போட்டதிலிருந்து எண்ணினால் இந்தப் போட்டியில் இது ஆறாவது 147. பாயிண்ட் பயம் இல்லாததால்தான் இவ்வளவு துணிந்து அடிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கோப்பைக்குப் பால் ஹன்டர் பெயர். 2001, 2002, 2004 என்று மூன்று முறை ஜெயித்தார். மூன்று இறுதியும் 10-9. புற்றுநோயால் 27 வயதில் போய்விட்டார். அவருடைய ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள், மனம் நிறையும்.

போட்டி நடக்கும் அலெக்சாண்டிரா பேலஸ் எங்கள் பக்கத்துக் குன்றின் மேல் இருக்கிறது. டபிள்யூ3 பஸ் வாசலிலேயே விடும். 2021 தவிர, 2012 முதல் அங்கேதான் நடக்கிறது. ஷெஃபீல்டில் உலகச் சாம்பியன்ஷிப்பின் தொடக்கச் சுற்றுகளில் இரண்டு டேபிள் போடுவார்கள். இங்கே முதல் நாளிலிருந்து ஒரே டேபிள். எல்லோர் கண்ணும் அதன் மேலேயே இருக்கும். ஃபிரேம் நடக்கும்போது யாரும் எழுந்து நடமாடக் கூடாது.

இனி உங்களுக்கு உபயோகமான விஷயம். டேபிளைப் போட்டிக்கென்றே கொண்டுவந்து பொருத்துகிறார்கள். ஐந்து ஸ்லேட், எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல். ஸ்லேட் மூட்டுகளை நிரவி, மட்டம் பார்த்த பிறகுதான் துணி ஏறும். ஸ்லேட்டுக்கு அடியில் மின்சார ஹீட்டர் உண்டு. வேகத்தின் இரகசியம் அதுதான். கம்பளித் துணி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் பந்து இழுக்கும், ஓரத்து ரப்பர்க் குஷனும் மந்தமாகும். சூடு அந்த ஈரத்தை விரட்டிக்கொண்டே இருக்கிறது. புதுத் துணிக்கு இன்னொரு குணம் உண்டு. வழுக்கல் அதிகம் என்பதால் குஷனில் பட்ட பந்து நினைத்த கோணத்தில் விரியாமல் நேராகத் திரும்பிவிடும். பெரிய ஆட்டக்காரர்களே ஆரம்ப நாட்களில் வெள்ளைப் பந்தை அடுத்த அடிக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தத் தவறுவதற்கு இது ஒரு காரணம்.

துணியின் ரோமம், ஆட்டம் தொடங்கும் முனையில் அரைவட்டமாக வரைந்திருக்கும் ‘டி’ பக்கத்திலிருந்து எதிர்முனையில் உள்ள கறுப்புப் பந்துப் பக்கமாகப் படிந்திருக்கும். பிரஷ், இஸ்திரி இரண்டும் அந்தத் திசையில் மட்டும்தான். எதிர்ப்பக்கம் ஒரு இழுப்புக்கூடக் கூடாது. கறுப்புப் பக்கத்திலிருந்து நடு பாக்கெட்டுக்கு (நீளப் பக்கத்தின் நடுவில் உள்ள குழிக்கு) மெதுவாக உருட்டும் பந்து, ரோமத்தின் இழுப்பில் கறுப்புப் பக்கத்து ஓரத்தை நோக்கி ஒதுங்கும். அதனால் கொஞ்சம் தூரத்து ஓரத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். மதுரையில் நம் ஸ்நூக்கர் பார்லரில் பையன்கள் “டேபிள் சாய்ந்திருக்கிறது” என்று சொல்வது பாதி இதுதான்.

மதுரையில் நமக்கு ஹீட்டரை விட ஏ.சி. முக்கியம். ராத்திரி அணைத்துவிட்டால் விடிவதற்குள் துணி ஈரத்தை வாங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம் ஏ.சி. ஓடட்டும். அப்புறம் பிரஷ், அதற்கப்புறம் இஸ்திரி. தூசியோடு இஸ்திரி போட்டால் அழுக்கு துணியில் அப்பிக்கொள்ளும். முதலில் இஸ்திரிப் பெட்டியை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். தாள் பழுப்பாக மாறினால் சூடு அதிகம். பெட்டியை ஓரிடத்திலும் நிறுத்தாமல், ‘டி’ பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கம் வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஈரத் துணி மேல் மட்டும் போடவே கூடாது, சுருங்கும்.

அடுத்தது சாக், அதாவது அடிக்கும் கோலின் நுனியில் தேய்க்கும் கட்டி. இரண்டு பந்தும் தொடும் இடத்தில் சாக் தூள் ஒட்டியிருந்தால் ‘கிக்’ விழும்: பந்து இலேசாகத் துள்ளி, விலக வேண்டிய கோணத்தில் விலகாமல் போய்விடும். அதனால்தான் நடுவர் வெள்ளைக் கையுறையோடு, பந்தின் இடத்தில் மார்க்கர் வைத்துவிட்டு, எடுத்துத் துடைக்கிறார். ஃபின்லாந்தில் செய்யும் டாவோம் சாக் குறைவாகவே உதிர்கிறது. இங்கே நிறையப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். இரண்டு கட்டி அனுப்புகிறேன். நம் கடையில் 22 பந்தையும் தினமும் பஞ்சு போன்ற மெல்லிய துணியால் துடைத்தாலே பாதிப் புகார் நின்றுவிடும்.

துணி மாற்றும்போது கூடவே நின்று கோட்டை அளந்து பாருங்கள். ‘டி’ பக்கத்துக் குஷன் முகத்திலிருந்து ‘டி’ கோடு 29 அங்குலம், ‘டி’யின் ஆரம் பதினொன்றரை, கறுப்புப் பந்தை வைக்கும் புள்ளி அந்தப் பக்கத்துக் குஷனிலிருந்து பன்னிரண்டே முக்கால். நம் ஊட்டி கிளப்பில்தான் 1882இல் இந்த ஆட்டத்தின் விதிகளை எழுதி மாட்டினார்கள். நம் டேபிளில் அளவு தப்பக் கூடாது.

துணி எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். பாக்கெட் அளவு பார்க்கும் அச்சைப் பற்றி விசாரித்துச் சொல்கிறேன். சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
குமார்