புனேயில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். "இது இயற்பியலும் அல்ல, புள்ளியியலும் அல்ல" என்று கருத்தரங்கில் ஒருவர் பருவமழைக் கணிப்பைப் பற்றிய உன் ஆய்வைச் சொன்னதாகத் தம்பி கூறினான். அதன்பிறகு நீ வேலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, வேளைக்குச் சாப்பிடு.

நீ எனக்குச் சொல்லித்தந்ததையே உனக்கு எழுதுகிறேன். 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர், உலகெங்கும் பதிவான காற்றழுத்தக் கணக்குகளைப் பருவமழையோடு ஒப்பிட்டுத் தேடியதில்தான், பசிபிக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்கும் தென் அலைவு தெரியவந்தது. ஆனால் அத்தகைய தொடர்புகள் காலப்போக்கில் தளர்ந்துவிடுகின்றன. அத்தகைய தொடர்புகளைக் கொண்டு கணிக்க 1988 முதல் பயன்பட்ட 16 காரணிப் புள்ளியியல் சமன்பாடு 2002இல் இயல்பான மழை என்றது; பெய்ததோ சராசரியில் 81 விழுக்காடுதான். அவ்வாண்டு ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. நம் குறுவை என்னவாயிற்று என்பதை நீயே அறிவாய்.

2012இல் இந்திய அரசின் பருவமழைத் திட்டம் தொடங்கியபின், கடலையும் காற்றையும் இணைத்து இயற்பியல் விதிகளால் கணக்கிடும் கணினி மாதிரி வந்தது. அது பூமிப்பரப்பைப் பிரித்துக் கணக்கிடும் ஒரு கட்டம் ஏறத்தாழ 38 கி.மீ. அகலம் என்றாய். குடகில் மடிக்கேரியின் பெருமழையும் மலைமறைவில் இருக்கும் குசால்நகரின் சிறுமழையும் அதற்குள் ஒரே சராசரியாகிவிட்டால், காவிரிக்கு வரும் நீரை அந்த மாதிரி மட்டும் எப்படிச் சொல்லும்? மழைமானிப் பதிவுகளைக் கொண்டு அதன் பிழையை அளந்து திருத்துகிறாயே, அந்தப் பணி இல்லாமல் அந்தக் கணிப்பு உழவனுக்கு உதவாது. 2021 முதல் வானிலைத் துறையே பருவகாலக் கணிப்புக்குப் புள்ளியியல், இயற்பியல் மாதிரி என இரு முறைகளையும் சேர்த்துக் கையாளுகிறது.

வட்டாட்சியர் அலுவலகத்தில் காலை 8.30 மணிக்கு நான் மழைமானி நீரை அளவுக்குடுவையில் ஊற்றும்போது, கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, வளைந்த பரப்பின் அடிக்கோட்டைப் பார்த்துத் தசமம் வரை சொன்னவள் நீ. இன்று அத்தகைய பதிவுகளைப் பெருங்கணினியின் கணக்கோடு நீ சேர்க்கிறாய் என்பதில் எனக்குள்ள பெருமை கொஞ்சமல்ல. அப்படிப்பட்டவள் ஒருவர் சொல்லுக்காகப் பெற்றவனிடம்கூட வாய்திறக்காமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது. இரவெல்லாம் விழித்திருக்காதே, வேளைக்குச் சாப்பிடு.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். திருத்தம் பழைய ஆண்டுகளுக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தி, புதிய ஆண்டில் கைவிட்டுவிடக் கூடாதல்லவா? 2002ஐ விலக்கிவைத்து, மற்ற ஆண்டுகளைக் கொண்டு அதைக் கணித்துப் பார்த்தாயா? விடை எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் சொல். அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா