மைக் செட்காரன் மகளுக்கு

செங்கோட்டை
ஆடி 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். நாலு நாளாகச் சாரல் விடவில்லை. குண்டாறு நிரம்பி வழிகிறது என்று தம்பி நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது டிவியில் வருகிற ஒவ்வொருத்தரையும் பார்த்து, "இவன் இவ்வளவு கிழவனா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். உன் அம்மா மாங்காய் ஊறுகாயும் கைமுறுக்கும் கட்டியிருக்கிறாள். அந்தப் பார்சலுக்குள்தான் இதை வைக்கிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால்தானே?

குற்றமாகச் சொல்லவில்லை. வேலை இருக்கும். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் 'அப்புறம் கூப்பிடுகிறேன்' என்று வாட்ஸப்பில் மட்டும் வந்தது. புதன்கிழமை உனக்குக் காய்ச்சல், ஆபீசுக்கு லீவு என்று அம்மா சொன்னாள். வெள்ளைக்காரக் கம்பெனிக்காரர்கள் முன்னால் நீதான் நின்று விளக்கிச் சொல்ல வேண்டும் என்று ஆனி மாதமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாயே, அதுவும் அந்தப் புதன்கிழமைதானே? காய்ச்சல் என்றால் சரி. கஞ்சி குடி, மாத்திரை போடு. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி என்றாலும் சரி. உனக்கு எந்தெந்த நாளில் வயிறு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது மைக். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

34 வருஷமாக இந்தத் தொழில். கட்சிக் கூட்டம், பட்டிமன்றம், சடங்கு வீடு, கோவில் கொடை, புளியரை தாண்டிக் கேரளாவில் ஆரியங்காவு வரைக்கும். கூட்டம் பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கும். நான் மேடைக்குப் பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயரோடு தரையில் உட்கார்ந்திருப்பேன், எனக்குத் தெரிவது அவருடைய கால். வேட்டிக் கரை நடுங்குவதை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன் தெரியுமா? மாலை வாங்கி வாங்கிக் கழுத்து தேய்ந்த ஆட்களுக்கும் நடுங்கும். அவர்கள் எழுந்து நின்றதும் நான் வால்யூமை இரண்டு புள்ளி கூட்டி வைத்துவிடுவேன். ஏனென்றால் முதல் இரண்டு நிமிஷம் குரல் தொண்டைக்குள்ளேயே நிற்கும். அப்புறம் தானாக ஏறும். ஏற ஏற நான் திருகைக் குறைத்துக்கொண்டே வருவேன். இது கூட்டத்துக்கும் தெரியாது, பேசுகிறவருக்கும் தெரியாது. அந்த இரண்டு நிமிஷத்தைத் தாண்டாதவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஒருத்தரைத் தவிர. அதை அப்புறம் சொல்கிறேன்.

அதனால் முதல் இரண்டு நிமிஷத்துக்கு உள்ளதை மட்டும் மனப்பாடம் செய். வணக்கம், இன்னார், இன்ன விஷயம், அவ்வளவுதான். மீதியை மனப்பாடம் செய்யாதே. மொத்தத்தையும் நெட்டுருப் போட்டவர்கள்தான் ஒரு வார்த்தை தவறியதும் நட்டாற்றில் நிற்பார்கள். மீதிக்கு நாலைந்து தலைப்பு மட்டும் ஒரு கெட்டி அட்டையில் எழுதி வைத்துக்கொள். தாள் வேண்டாம். கை லேசாக நடுங்கினாலும் தாள் படபடவென்று அடித்து ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும், அந்தச் சத்தம் மைக்கிலும் விழும். அப்புறம் முக்கியமானது, நின்றுகொண்டு வாய்விட்டுப் பேசிப் பார். நீ எப்போதும் படுக்கையில் படுத்து மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிறவள். மனசுக்குள் யாருக்கும் நாக்கு குழறாது.

குற்றாலத்தில் டாக்டர்கள் மாநாட்டுக்கு செட் போட்டபோது ஒரு டாக்டர் சொன்னதைக் கேட்டேன். பயம் வந்தால் உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகிவிடுமாம். நெஞ்சு அடித்துக்கொள்வது, வாய் வறள்வது, வயிற்றைப் பிசைவது எல்லாம் அதனால்தான் என்றார். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் நெஞ்சடிப்பு தணியும் என்றார். நாலு எண்ணி இழு, ஆறேழு எண்ணி விடு. மேடைக்குப் போகும் முன் ஐந்தாறு தடவை செய். இவ்வளவு சொன்ன அந்த டாக்டர், பேச ஆரம்பித்ததும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரையைப் பார்த்தே படித்தார். மைக் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். நான் எவ்வளவு கூட்டியும் குரல் வரவில்லை, பாக்ஸ்தான் கூவியது. நீ திரையைப் பார்த்துப் படிக்காதே. அதில் இருப்பதை அவர்களே படித்துக்கொள்வார்கள்.

மைக்கைத் தட்டாதே, ஊதாதே. மைக்கின் தலையைக் கையால் பொத்தாதே, பொத்தினால் கூவும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. இதெல்லாம் உனக்கு ஐந்து வயதிலேயே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்னொன்று. கொடைக்குத் தெரு முழுக்க ஹார்ன் ஸ்பீக்கர் கட்டுவோமே, அதில் ஒரு வில்லங்கம் உண்டு. சத்தம் ஒரு நொடிக்கு 340 மீட்டர் போலத்தான் போகும். 100 மீட்டர் தள்ளிக் கட்டிய ஹார்ன் மேடையைப் பார்த்துத் திரும்பியிருந்தால், பேசுகிறவருடைய குரலே கால் நொடிக்கு மேல் பிந்தி வந்து அவர் காதில் விழும். எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் நாக்கு பின்னிக்கொள்ளும். தனக்குத்தான் பேச்சு வரவில்லை என்று நினைத்து வேர்த்துப்போவார். கோளாறு ஹார்னில்! தம்பியைக் கம்பத்தில் ஏற்றி ஹார்னைத் திருப்பிவிட்டால் சரியாகிவிடும். நீங்கள் கம்ப்யூட்டரில் பேசும்போதும் குரல் எதிரொலித்து வருகிறது என்று சொன்னாய் அல்லவா, அதுவும் இதேதான். அப்படி வந்தால் உடனே நிறுத்தி, 'என் குரல் திரும்பி வருகிறது, ஸ்பீக்கரை அணையுங்கள்' என்று சொல். அதில் வெட்கமே இல்லை. உன் மேல்தான் தப்பு என்று எப்போதும் முதலில் நினைத்துக்கொள்வாய், சின்ன வயதிலிருந்தே.

காந்தி ஜெயந்திக் கூட்டத்தில் ஒருவர் பேசியது இது. காந்தி பம்பாயில் வக்கீலாக எடுத்த முதல் வழக்கு, 30 ரூபாய் ஃபீஸ். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றவருக்குத் தலை சுற்றிவிட்டதாம். ஒரு கேள்விகூட வாயில் வராமல் உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். உன் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "பணத்தைத் திருப்பிக் கொடுத்தாரே, அதுதான் மனுஷன்" என்றாள். அவளுக்கு எது படுகிறது பார்.

எனக்கு மைக்கில் பேச வராது என்பது ஊருக்கே தெரியும். 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' என்பதற்குமேல் நான் பேசியதில்லை. ஒரே ஒரு தரம் பேசினேன். ஆரியங்காவில் திருக்கல்யாணம், மதுரை சௌராஷ்டிரர்களும் மலையாளத்துக்காரர்களும் சபரிமலைக்குப் போகிறவர்களுமாக நெரிசல். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டே என் ஆம்ப்ளிஃபயர் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றது. கமிட்டிக்காரர் யாரையும் காணோம். நானே மைக்கை எடுத்து, "ஒரு சின்ன மோள், சிவப்பு உடுப்பு, அம்ம எவிடெயுண்டெங்கிலும் வேகம் வரணே" என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கத்தினேன். அஞ்சாறு தடவை சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான் இருந்திருக்கும், புனலூர் மாமா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அம்மாக்காரி ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்ட பிறகுதான், இத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் பேசியிருக்கிறேன் என்று உறைத்தது. அதற்கப்புறம் கை நடுங்கியது பார், ஜாக்கைச் சொருக முடியவில்லை. பேசும்போது நடுங்கவில்லை. எனக்கு அப்போது அந்த அம்மாவைத் தவிர வேறு யாரும் கண்ணில் இல்லை.

நீ பேசப் போகிற இடத்திலும் உன்னிடமிருந்து ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவராவது உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சொல். உனக்கு விஷயம் தெரியும். தெரியாதவளையா அவர்கள் பேசச் சொல்வார்கள்? இந்தத் தெருவில் உன் படிப்புக்கு ஈடு யார்? இதை நான் கடைத்தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நீ என்னடா என்றால்... சரி, விடு.

இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி எழுதுகிறேன், பாப்பா. இனி எழுதப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது.

2011 ஜனவரி, உன் பள்ளிக்கூட ஆண்டு விழா. நீ எட்டாம் வகுப்பு. நமது ஊர் ரயில் என்று பேசினாய். முந்தின வருஷம்தான் அகலப் பாதை போட ரயிலை நிறுத்தியிருந்தார்கள், ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. பச்சைப் பாவாடை, ஆச்சி கட்டிவிட்ட கனகாம்பரம். "1904-ஆம் ஆண்டு கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து" என்று ஆரம்பித்து நன்றாகத்தான் வந்தாய். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் வந்ததும் நின்றுவிட்டாய். "பதிமூன்று கண் பாலத்தின்..." என்று இரண்டு தரம் சொன்னாய். அப்புறம் ஒன்றும் இல்லை. பின்வரிசையில் பையன்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். உன் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு ஜாக் லூஸாகவில்லை. நான்தான் திருகைச் சுழித்து வால்யூமை முழுக்க இறக்கினேன். இறக்கிவிட்டு, "மைக் கோளாறு, ஒரு நிமிஷம்" என்று கத்தினேன். மைக் செட்காரன் மகள் மைக்கில் திக்கினாள் என்று நாளைக்குக் கடைத்தெருவில் பேசுவார்களே என்றுதான் என் கை அங்கே போனது. உனக்காகச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் உன் வாய் அசைகிறது. உனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நீ பேசிக்கொண்டிருந்தாய், கையை நீட்டிப் பாலத்தைக் காட்டுகிற மாதிரி வீசிக்கூடப் பேசினாய். ஒரு சத்தமும் இல்லை. திருகை நான் திரும்ப ஏற்றியிருக்கலாம். கை வரவில்லை. ஏற்றினால் நான் இறக்கினது தெரிந்துவிடும். அதற்குள் வாத்தியார் வந்து அடுத்த டான்சுக்குப் பிள்ளைகளை ஏற்றிவிட்டார். நீ இறங்கி வந்து, "மைக் என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாய். "ஜாக் லூஸ்மா" என்றேன். நீ நம்பினாய். அந்த வருஷத்திலிருந்துதான் பேச்சுப்போட்டி என்றால் உனக்கு வயிற்றுவலி. கல்லூரியிலும் அதே. 2018-இல் ரயில் திரும்ப ஓடியபோது நாம் நாலு பேரும் ஏறிப் போனோமே, அந்தப் பாலம் வந்தபோது நீ ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் கடலை வாங்கப் போவதுபோல் எழுந்துபோய்விட்டேன்.

இதைப் படித்துவிட்டு நீ என் மேல் கோபப்பட்டால் சரிதான். கோபத்தையாவது போனில் சொல்.

அந்தக் கூட்டத்தை இன்னொரு நாளைக்கு வைத்துத் தரும்படி உன் மேலதிகாரியிடம் கேள். கேட்டால் தருவார்கள். தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள். மூச்சை நீளமாக விடு. நின்றுகொண்டு வாய்விட்டுப் பேசிப் பார், இதைச் சொல்லிவிட்டேனா? அட்டை, தாள் இல்லை.

ஊறுகாய் பாட்டில் மூடி கொஞ்சம் லூஸ் (இது நிஜமாகவே லூஸ்), நிமிர்த்தி வை. ஆவணியில் லீவு கிடைத்தால் வா, பார்டரில் இறங்கிப் புரோட்டா தின்றுவிட்டு வீட்டுக்கு வரலாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பதிமூன்று கண் பாலத்தின் என்று சொன்னாயே, அதற்கப்புறம் என்ன? உன் வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன், கேட்கவில்லை. ஞாபகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சொல். எத்தனை மணிக்கு என்றாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா