திதி

யாங்கோன்
ஆடி வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அக்காவும் பிள்ளைகளும் இங்கே சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கரண்ட் போனால் நெட்டும் கூடவே போய்விடுகிறது. நெட் இருக்கிற நேரத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பின் தெரு மாமி மகள் திங்கட்கிழமை சிங்கப்பூர் வருகிறாள். அவள் கையில் கொடுத்துவிடத்தான் எழுதுகிறேன். கூடவே ஒரு டப்பா லப்பெட் தேயிலை ஊறலும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கும். ஊறுகாயை பிரிட்ஜில் வைக்காதே, ருசி செத்துப்போகும்.

அப்பா காரியத்துக்கு வரமுடியவில்லை என்று நீ உன்னையே திட்டிக்கொள்கிறாய் என்று அக்கா சொன்னாள். வரவேண்டாம் என்று சொன்னவள் நான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை ஆண்பிள்ளைகள். உனக்கு இருபத்தொன்பது. கொள்ளி வைக்க வந்த பிள்ளையை விமான நிலையத்திலேயே பறிகொடுக்க நான் தயாராக இல்லை. பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். நன்றாகவே செய்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சு அதோடு போகட்டும்.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் இரங்கல் கூட்டம் என்று மைக் கட்டிவிட்டார்கள். ஏழு பேர் பேசினார்கள். அக்கா வீடியோ எடுத்து உனக்கு அனுப்பியிருப்பாள். ஏழு பேரும் ஒரே மாதிரி. நாவன்மை என்றார்கள், பக்திமான் என்றார்கள், ஒருவர் "வங்கி மேலாளர்" என்று பதவி உயர்வே கொடுத்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் கடைசி மூன்று வருஷம்தான் உதவி மேலாளர் நாற்காலி. அதுவும் அவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போன பிறகு. அவர் இருந்திருந்தால் எழுந்து திருத்தியிருப்பார். தமிழையும் திருத்தியிருப்பார். அந்த ஆறாவது ஆளுக்கு "ழ" வரவே இல்லை.

பெரிய பேச்சாளர் என்று நான் சொல்லமாட்டேன் தம்பி. இழுப்பார். எந்த மேடை ஏறினாலும் காளி கோவில் 1871இல் கட்டியது என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாண வீட்டில் பசியோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? வீட்டில் பேசிப் பார்ப்பதற்கு நான்தான் சபை. பருப்புக்கு மூன்று விசில் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். மூன்றாவது விசில் அடித்த பிறகும் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "இந்த ஒரு இடம் மட்டும் கேள்" என்பார். எத்தனை நாள் பருப்பு குழைந்து கஞ்சியாகிப்போனது, உனக்கே தெரியும்.

ஆனால் ஒன்று. கேட்கிறவர்கள் முகம் சுளிக்கிற விஷயத்தையும் சொல்லுவார். ஒரு தடவை நம் ஆட்கள் நிறைந்த சபையில், பர்மாவில் நாம் கெட்டது எப்படி என்று பேச்சு. எல்லாரும் 1942 யுத்தத்தில் இந்தியாவுக்கு நடந்தே போனதையும், 1964இல் கப்பல் ஏறியதையும் சொல்லி அழுதுவிட்டு உட்கார்ந்தார்கள். இவர் எழுந்து கணக்கு வாசித்தார். நெல் விளைகிற பதின்மூன்று முக்கிய ஜில்லாக்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மிய விவசாயிக்குக் கட்ட வழியில்லை, 1938க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து ஆகிவிட்டது. "யாரும் திருடவில்லை, பத்திரப்படிதான் வந்தது. ஆனால் நிலம் போனவன் பத்திரத்தையா பார்ப்பான்?" என்றார். முன் வரிசையில் இரண்டு பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். எனக்கு உள்ளூர சந்தோஷம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவர் அப்பாவே அந்தக் கணக்கில் வந்தவர்தான். மொகல் தெருவில், இப்போது ஷ்வே பொன் தா தெரு, செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரை வந்தவர். 1963இல் 24 தனியார் வங்கிகளையும் அரசு எடுத்துக்கொண்டது. மறு வருஷம் 50, 100 கியாட் தாள் செல்லாது என்றார்கள். ஊரே மதராஸ் கப்பல் ஏறியபோது தாத்தா மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "கப்பலில் வாந்தி வரும்" என்பாராம்.

சரி, நான் சொல்ல வந்தது 1987. இதை அந்த ஏழு பேருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. அக்கா வயிற்றில் இருந்தாள்.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 கியாட் தாள்கள் செல்லாது என்று அறிவிப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் நூறு கியாட் தாளை நிறுத்தியபோதாவது ஓரளவு மாற்றிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை அதுவும் கிடையாது. பதினைந்தும் அதற்குக் கீழே இருக்கிற தாளும்தான் பணம், மற்றதெல்லாம் காகிதம். திங்கட்கிழமை வங்கி வாசலில் கூட்டம். மேலதிகாரி வெளியே வரப் பயந்துபோய், அப்பாவை அனுப்பினார். கணீர் என்ற குரல், பர்மிய மொழியும் சுத்தம், அதனால். வாட்ச்மேன் உட்காருகிற ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். அதுதான் அப்பா ஏறிய முதல் மேடை. "மாற்ற முடியாது, வீட்டுக்குப் போங்கள்" என்று யாரோ எழுதிக்கொடுத்த காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

கூட்டம் கலைந்த பிறகும் ஒரு அம்மா போகவில்லை. மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிற அம்மா, கன்னத்தில் பூசிய தனகா மரச்சாந்து காய்ந்து வெடித்திருந்தது என்று சொன்னார். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த கட்டை நீட்டி, "சயா, மாற்றித் தரவேண்டாம். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாளாம். எல்லாம் 35 கியாட் தாள். அப்பா அங்கேயே, ஸ்டூலில் உட்கார்ந்து, ஈரப் பஞ்சு இல்லாமல் நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாற்பது தாள். "ஆயிரத்து நானூறு, திதி" என்றார்.

"திதி" என்ன என்று உனக்குத் தெரியும். நம்மூரில் தொகை எழுதி "மட்டும்" என்று போடுவது மாதிரி, பர்மிய மொழியில் தொகைக்குக் கடைசியில் போடுகிற வார்த்தை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு வவுச்சரிலும் திதி, திதி என்று எழுதிவிட்டு, "நாள் முழுக்க யாருக்கடி திதி கொடுக்கிறேன்?" என்று சிரிப்பார். அன்றைக்கு அந்த அம்மாவிடம் பழக்கத்தில் அது வாயில் வந்துவிட்டது. அவளுக்கு அது பர்மிய வார்த்தை, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். இவர் காதில் மட்டும் தமிழாக விழுந்தது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

நம் வீட்டிலும் பதினொரு 75 தாள் இருந்தது. பிரசவத்துக்கென்று அரிசிப் பானைக்குள் நான் வைத்தது. நீ சின்னப் பிள்ளையில் கடை விளையாட்டு விளையாடினாயே, அந்தத் தாள்கள்தான் அவை. பெரியப்பாவுக்கு நம்மைவிட நிறையப் போனது. "பேங்க்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்? கூடப்பிறந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்று அப்பாவோடு ஆறு வருஷம் பேசவில்லை. கவுண்டரில் இருந்தவருக்கும் ஊரோடுதான் தெரியும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தப் பெரியப்பாவின் மகன்தான் இப்போது கொள்ளி வைத்தது. நம் வீட்டுக் கணக்கெல்லாம் இப்படித்தான் நேராகிறது.

கொஞ்ச நாளில் 45, 90 என்று புதுத் தாள் வந்தது. கேஷ் கவுண்டரில் இருக்கிறவனுக்கு அது நரகம். அப்பா மட்டும் ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

கோவிலில் பேச ஆரம்பித்தது அந்த வருஷம் கந்த சஷ்டிக்கு. யாரும் கூப்பிடவில்லை, இவரே போய்க் கேட்டார். சூரன் தலை மாறி மாறி வருகிற கதையை, அரைமணி நேரம், காகிதம் இல்லாமல். கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது, வேட்டி ஆடியது. மறு வருஷம் 1988 செப்டம்பரில் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு. நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலே ஆறு பேர். மேடை என்று ஒன்றும் இல்லாமல் போனது. கல்யாணம், கருமாதி, கோவில், இதற்குள்ளேயே பேசிக்கொண்டார். பீலிக்கான் தீமிதிக்குப் போகிற வழியில் பஸ்ஸில்கூடப் பேசுவார். தமிழ்ப் பள்ளிக்கூடங்களை 1965இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கோவில் திண்ணையில் கற்ற தமிழ் தம்பி அது. அவருக்கும் அவ்வளவுதான், எனக்கும் அவ்வளவுதான். இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு எட்டு வயதில் பொங்கல் விழாப் பேச்சுப் போட்டி. "அவையோர்க்கு வணக்கம்" என்றாய், அடுத்த வரி வரவில்லை. மேடையிலேயே அழுதுவிட்டாய். அப்பா இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ அதை மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே "நன்றியுரை எல்லாம் நான் சொல்லமாட்டேன்" என்கிறாயே, அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா?

அவர் செய்தது தப்பு. அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் கோபமாக இருந்தார் என்று நீ நினைத்தாயே, அது இல்லை. முதல் நாள் ராத்திரி நீ தூங்கிய பிறகு என்னிடம் கேட்டார்: "அந்தப் பேச்சை நான்தானே எழுதிக்கொடுத்தேன்?" ஆமாம் என்றேன். "எழுதிக்கொடுத்ததை வாசிக்கச் சொல்லி ஸ்டூலில் ஏற்றிவிட்டேன் பிள்ளையை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அதை உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் பேசுகிற மனுஷனுக்கு வீட்டில் அந்த நாலு வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு உன்னை எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை, கவனித்தாயா? விட்டுவிட்டார் என்று நீ நினைத்திருப்பாய்.

2021இல் பணம் எடுக்கிற டோக்கனுக்கு வங்கி வாசலில் விடியற்காலையிலேயே வரிசை நின்றது. பென்ஷனுக்காக இவரும் போனார், நான் துணைக்குப் போனேன். தள்ளுமுள்ளு ஆனபோது இவர் குரல் கொடுத்தார், வரிசை நேரானது. யாரோ ஒரு பையன் உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்தான். அப்பா உட்காரவில்லை. கால் வீக்கத்தோடு மூன்று மணி நேரம் நின்றார். எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும்.

பீரோவில் அவர் பேச்சுக் குறிப்புகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எல்லாம் வங்கியில் தூக்கிப்போடுகிற பழைய பாரத்தின் பின்பக்கம். ஒவ்வொன்றிலும் கடைசி வரிக்குப் பக்கத்தில் பர்மிய எழுத்தில் திதி. அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கக்கூடாது என்று தனக்கே போட்டுக்கொண்ட தடை. ஒரு நாளும் அங்கே நிறுத்தியது கிடையாது, நான் இருமுவேன். அந்தக் கந்த சஷ்டிப் பேச்சின் குறிப்பை மட்டும் ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் கவரில் வைத்திருக்கிறேன். எண்ணெய் பட்டுவிடாமல் எடு.

அப்பா திதி வைகாசி தேய்பிறை பஞ்சமி. இங்கிலீஷ் தேதியைப் பிடித்துக்கொள்ளாதே, அது வருஷா வருஷம் மாறும். அங்கே கோவில் ஐயரிடம் கேட்டால் நாள் பார்த்துச் சொல்லுவார். காக்கைக்குச் சோறு வைத்தால் அபராதம் போடுவார்கள் என்று சொன்னாயே, அப்படியானால் வேண்டாம். யாராவது ஒரு பசித்த ஆளுக்கு வாங்கிக் கொடு. இட்லி என்றால் அவருக்கும் பிடிக்கும்.

நீ ஆள் மூலம் அனுப்பிய பணம் நேற்று வந்தது. ஐந்து லட்சம் கியாட். கொண்டுவந்த பையனை உட்காரவைத்து, அவன் கண் முன்னாலேயே நாக்கில் விரலைத் தொட்டு எண்ணினேன். அவனுக்குச் சிரிப்பு. சரியாக இருந்தது.

அம்மா