வீடியோக்காரப் பொண்ணுக்கு

அன்புள்ள வீடியோக்காரப் பொண்ணுக்கு,

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பக்கம் ஊர்க்காரர்கள் உனக்கு வைத்த பேர் இதுதான். சொந்தப் பேரைப் போட்டால் யார் யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியும். இப்படியே இருக்கட்டும்.

விருதுச் செய்தியை நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் பார்த்தேன். மேடையில் நீ நின்ற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வாழ்த்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கத்தரித் தோட்டம் குறுக்கே வந்து நிற்கிறது.

இலவம்பாடியில் காலை பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கிற வெயில். கேமரா முன்னால் நான். "தண்டு மற்றும் காய்த்துளைப்பான் தாக்குதலை ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பு முறைகளில்..." நாலாவது டேக். நீ கேமராவை இறக்கினாய். "ஒரு நிமிஷம் சார்" என்று என்னைத் தாண்டிப் போய், களை எடுத்துக்கொண்டிருந்த அந்தம்மாவிடம், "பூச்சி விழுந்தது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாய்.

"இன்னாத்த கேக்கற? குருத்து தல தொங்கிகினு கீது பார். உள்ள புழு கீதுன்னு அர்த்தம்." கிள்ளிப் பிளந்தும் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக ஒன்று நெளிந்தது.

அதை அப்படியே எடுத்தாய். கிள்ளின குருத்தை வரப்பில் வீசாமல் பையில் கட்டிக் கொண்டுபோய் எரிக்க வேண்டும், ஏக்கருக்கு அஞ்சு இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும், அதில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான், பொறி வைத்தாச்சு என்று கிள்ளுவதை விட்டுவிடக் கூடாது. எல்லாம் அந்தம்மா வாயாலேயே. அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்தது! ஆனால் இரண்டே கால் நிமிஷ வீடியோவில் என் தோள்பட்டை மட்டும் ஒரு நொடி ஓரத்தில் வந்து போகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1986. டி அண்ட் வி காலம், அதாவது நாங்கள் பயிற்சி வாங்கி ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்த திட்டம். எட்டு விவசாயிக் குழு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே கிழமையில் அதே ஊர். சைக்கிளில் போய் வந்து முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். நீ வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, என்னை ஒதுங்கச் சொன்னாய். அன்று வண்டியில் திரும்பும்போது உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன். வெட்கம் என்று இப்போது சொல்லலாம். அப்போது அது கோபம்தான்.

அதற்கப்புறம் நடந்த கூட்டத்தைப் பற்றி எவ்வளவு எழுதலாம் என்று தெரியவில்லை. பெரிய இடம், பெரிய ஆட்கள். அந்த வீடியோவைத் திரையில் போட்டார்கள். "யார் செய்தது?" என்று மேலிடத்தில் கேட்டபோது நான் எழுந்து நின்றேன். பொய் சொல்லவில்லை. "எங்க டீம் சார்" என்றேன். நீ கடைசி வரிசையில், ஒப்பந்தப் பணியாளர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்கு மேல் வேண்டாம்.

நம் தொழிலில் இது புதுசும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் ரேடியோவில் சொல்லித்தான் பரவியது, அதற்கு தஞ்சாவூர் விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். ரேடியோவுக்குப் பேர் வந்தது. மைக் முன்னால் உட்கார்ந்து பேசியவரை யார் கேட்டார்கள்? முப்பத்தாறு வருஷத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரம் நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருத்தர் "சபாஷ்" என்றார், வாங்கி வைத்துக்கொண்டேன். மன்னித்துவிடும்மா. ஆனால் நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் கணக்கை முடித்துக்கொண்டு போனாயே, அதுதான் இன்னும் குத்துகிறது.

விருது வாங்கிப் பேசும்போது "களப்பணியாளர்களுக்கு நன்றி" என்றாயாம். களப்பணியாளர்கள்! நான் சொன்ன 'எங்க டீம்' மாதிரியே இருந்தது. தெரிந்துதான் சொன்னாயா?

2023-ல் நம்ம முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு வந்த அன்று உன் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அந்தம்மா இன்னும் விசாரிக்கிறார். "அந்தப் பொண்ணு வந்தா சொல்லு சார், நல்ல காயா பறிச்சு வெக்கறேன்" என்கிறார். உன் பேர் அவருக்கு இன்றுவரை தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும்.

வீடியோ முடிவில் 'ஆக்கம்' என்று ஓடுவது என் பேர். நீதான் போட்டாயா, நான் போடச் சொன்னேனா என்று சத்தியமாக ஞாபகமில்லை. நேற்றே கேட்டிருந்தால் "நீதான்" என்று சாதித்திருப்பேன். இன்று காலை ஆபீஸுக்குப் போய் அதை மாற்றச் சொன்னேன். சேனல் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை.

நீ வைத்த பாஸ்வேர்டுதான். ஞாபகமிருந்தால் போன் பண்ணு. பழைய நம்பர்தான்.

உன் சார்