கடாரத்துக்கு வருகிறவர்கள் நெல்வயலையும் பார்த்துவிட்டுப் போகட்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில், பழந்தமிழர் கடாரம் என்று அழைத்த கெடா மாநிலத்தின் பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள். பழங்கோயில்களின் எச்சங்கள் இருக்கும் இங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்க வரும் தமிழர்களுக்கு வழிகாட்டித் துணையாகப் போவதைச் சில ஆண்டுகளாக ஒரு தொண்டாகச் செய்து வருகிறேன். சென்ற பள்ளி விடுமுறையில் நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தலைநகரிலிருந்து இரண்டு பஸ்களில் ஏறத்தாழ எண்பது பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் குடும்பங்கள். விடியற்காலையில் புறப்பட்டு, மெர்போக் அருங்காட்சியகத்தை அடைந்தபோது பதினொன்றரை மணி. பஸ் நிற்பதற்கு முன்பே பயண ஏற்பாட்டாளர் ஒலிபெருக்கியில் சொன்னார்: "இதோ, இராஜேந்திர சோழன் கட்டிய கோயில். ஒரு மணி நேரம் இருக்கிறது. படம் எடுத்துக்கொள்ளுங்கள்." அங்கே இருக்கும் புக்கிட் பத்து பகாட் சண்டியின் (பழங்கோயிலை இங்கே சண்டி என்பார்கள்) அடித்தளத்தின் மேல் ஏறி நின்று எல்லாரும் படம் எடுத்தார்கள். ஓர் அம்மாள் கல்லின்மேல் கற்பூரம் ஏற்றினார். மகிழ்ச்சியோடு வந்தவர்களிடம் குறுக்கே பேச எனக்கு மனம் வரவில்லை. பேசியிருக்க வேண்டும். அன்று சொல்லாததை இன்று உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்கிறேன்.

அந்தக் கோயிலை இராஜேந்திரன் கட்டினான் என்று சொல்வதற்குச் சான்று இல்லை. கட்டியவரின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. விமானமும் மண்டபமும் நம் கோயில்களின் அமைப்பில்தான் இருக்கின்றன. ஆனால் தூண்கள் மரத்தூண்கள், கூரையும் மரத்தால் ஆனது. தூண் நட்ட அடிக்கற்கள் மட்டும் இன்று மிஞ்சியிருக்கின்றன. உச்சிவரை கல்லடுக்கிக் கட்டிய தஞ்சைக் கோயிலைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு கை என்று உடனே தெரியும். கடல் தாண்டி வந்த வழிபாட்டை இந்த மண்ணின் தச்சர்களும் கல்வேலைக்காரர்களும் தங்கள் முறையில் ஆக்கிக்கொண்டதன் அடையாளமாகவே நான் அதைப் பார்க்கிறேன். பத்து பகாட் என்றாலே உளி பட்ட கல் என்றுதான் பொருள். பக்கத்தில் ஓடும் ஓடையில் கால் நனைத்துக்கொண்டு அந்தப் பாறைகளைத் தொட்டுப் பார்க்க அரைமணி நேரம் போதாது. அந்த எண்பது பேரில் ஓடைக்கு இறங்கியவர்கள் ஆறோ ஏழோ பேர்.

இராஜேந்திரனின் கப்பற்படை கடாரத்துக்கு வந்தது 1025ஆம் ஆண்டில். இது எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்ததைத்தான் நாம் பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினார். சூடாமணி விகாரம் என்று பெயர். அதற்கு இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்தான். அந்த ஊரிலிருந்து விகாரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய நெல் ஏறத்தாழ 9,000 கலம் என்று ஆனைமங்கலச் செப்பேடு கணக்குச் சொல்கிறது. கடாரத்தான் கட்டிய விகாரத்துக்குக் காவிரி நெல் சோறு போட்டது. படையெடுப்புக்கு முன்னால் நமக்கும் இந்த மண்ணுக்கும் இடையே இருந்தது அந்த நெல். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், போர் என்றதும் குதிக்கும் பையன்கள்கூட "ஒரு கலம் என்றால் எத்தனை மூட்டை, டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பஸ்கள் அன்று எந்த வழியாக வந்தன, எதைப் பார்க்காமல் திரும்பிப் போயின என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கெடா இந்த நாட்டின் நெற்களஞ்சியம். ஜெராய் மலைக்கு வடக்கே யான், அலோர்ஸ்டார் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். அந்தப் பக்கம் பஸ்ஸைத் திருப்பவே இல்லை. மதியச் சாப்பாடு நெடுஞ்சாலை ஓய்விடத்தில்.

என் தந்தை தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, இளம் வயதில் இங்கே வந்து, ஜெராய் மலையடிவாரத் தோட்டத்தில் கடைசிவரை பால்மரம் (ரப்பர்) சீவியவர். மரம் சீவிய கை, மனமோ வயலில். 1966ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. சம்பள நாளுக்கு மறுநாள் என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து, மலையைச் சுற்றிக்கொண்டு குருண் பக்கம் வான் மாட் சமான் கால்வாய்க்கு அழைத்துப் போனார். கரையில் இறங்கி நின்றார். நூல் பிடித்தது போல் நேராகப் போகும் கால்வாய் அது. கெடா அரசின் முதலமைச்சராக இருந்த வான் முகமது சமான் 1885இல் வெட்டத் தொடங்கியது. அலோர்ஸ்டாரிலிருந்து குருண்வரை ஏறத்தாழ 36 கிலோமீட்டர். இரவில் வரிசையாகத் தீப்பந்தங்களை நட்டு, அந்த வெளிச்சத்தை வைத்துத் திசை பிடித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். சதுப்பாகக் கிடந்த நிலமெல்லாம் வடிந்து வயலானது இதனால்தான். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கேட்டது ஒன்றுதான்: "தலைமடை எங்கே, கடைமடை எங்கே, பாப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

வரப்பில் நின்றிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு மலாய் கொஞ்சம்தான் வரும். ஆனால் கதிர் ஒன்றை உருவி, நெல்லை நகத்தால் பிளந்து, பல்லில் கடித்துப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பெரியவரும் அதே போல் கடித்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு வீட்டுக்கு அழைத்துப்போய் எம்பிங் கொடுத்தார்கள். இளநெல்லை வறுத்து, இடித்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்தது. அப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "இது நம் அவல்தான்" என்றார். அவர் கண் கலங்கியதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் ஒரு போகம்தான். அறுப்பு முடிந்தால் வயல் வெடித்துக் கிடக்கும், எருமைகள் மேயும். பெடு, மூடா அணைகள் கட்டி, இரண்டு நீர்த்தேக்கங்களையும் மலைக்குள் சுரங்கம் வெட்டி இணைத்து, 1970 முதல் இரண்டு போகம் வந்தது. ஏறத்தாழ 1 லட்சம் ஹெக்டேர் வயலுக்கு மூடா திட்டத்து நீர் பாய்கிறது. பாசன வாய்க்காலுக்கு மலாயில் தாலி ஆயர் என்று பெயர். நீர்க்கயிறு என்று அர்த்தம். அந்தச் சொல்லைப் பின்னாளில் தெரிந்துகொண்டபோது, அப்பா உயிரோடு இல்லையே என்று வருந்தினேன். அவருக்குத் தலைமடையையும் காட்டியிருப்பேன், சொல்லையும் சொல்லியிருப்பேன்.

ஆகவே ஏற்பாட்டாளர்களுக்கு என் வேண்டுகோள்: கடாரப் பயணத்தை இரண்டு நாளாக்குங்கள். முதல் நாள் காலையில் சண்டிக்குப் போக வேண்டாம். ஜெராய் மலைக்கு ஏறுங்கள். 1,217 மீட்டர். பெரிய பஸ்ஸை அடிவாரத்தில் விட்டுவிட்டு வேனில் போகலாம். மேகம் விலகிய நேரத்தில் மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வயல், தெற்கே மெர்போக் ஆறு சதுப்புநிலக் காட்டுக்குள் வளைந்து போவது, எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நடுக்கடலில் வரும் மாலுமிக்கு முதலில் தெரிந்தது இந்த மலைதான். கப்பல்கள் ஏன் இங்கே வந்தன என்பதை அருங்காட்சியகத்துப் பலகையைவிட அந்த உச்சி நன்றாகச் சொல்லும்.

இறங்கிய பின் வடக்கே வயல் பக்கம் போங்கள். நடவு முடிந்த வயலானால் பச்சை, அறுப்புக்கு முந்தியதானால் பொன், நீர் கட்டிய வயலானால் மலையே தலைகீழாக அதில் நிற்கும். எந்த மாதம் வந்தாலும் ஏதோ ஒன்று இருக்கும். சில ஆண்டுகளாக நத்தைகுத்தி நாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. வயலைக் கெடுக்கும் தங்க நத்தைகளை அவை தின்கின்றன. வரப்போரத் தண்டுகளில் இளஞ்சிவப்பாக ஒட்டியிருப்பது அந்த நத்தையின் முட்டை. கம்பத்தின்மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது எலி பிடிக்கும் கூகைக்கு விவசாயிகள் வைத்த வீடு. இதைக் காட்டினால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகூட எழுந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அலோர்ஸ்டார் அருகே கெரியாங் மலையடியில் நெல் அருங்காட்சியகம் இருக்கிறது. மேல்மாடியில் வட்டமாக வரைந்த வயல்வெளி ஓவியத்தின் நடுவே நீங்கள் உட்கார்ந்திருக்கும் மேடை மெல்லச் சுழலும். வரைந்தவர்கள் வடகொரிய ஓவியர்கள். நன்றாக இருக்கிறது. ஆனால் வெளியே உண்மையான வயல் இருக்கும்போது உள்ளே அதிக நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், பள்ளத்தாக்கு. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து எடுத்த இரும்பு உருக்கு உலைகளைப் பாருங்கள். உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்கள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. யாரோ ஒருவர் மண் பிசைந்து, உருட்டி, துளையிட்டுச் செய்தவை. அரசர் பெயர்களை மட்டும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் குழாய்களைக் காட்ட வேண்டும். பிறகு மெர்போக். அங்கே வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த சண்டிகளில் ஒன்றின் பெயர் பெண்டாங் டாலாம். பெண்டாங் என்றால் நெல்வயல். பெயரிலேயே வயல் இருக்கிறது. பெயரை யாரும் வாசிப்பதில்லை.

அடித்தளக் கற்களின்மேல் ஏறாதீர்கள். கற்பூரம் ஏற்றாதீர்கள், குங்குமம் பூசாதீர்கள். பக்தியைக் குறை சொல்லவில்லை. நானும் தினமும் விளக்கேற்றுகிறவள். ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய கல்லில் நம் கையால் கரி பிடிக்கக் கூடாது. 2013இல் சுங்கை பத்து தோட்டத்தில் ஒரு சண்டியையே நில மேம்பாட்டுப் பணிக்காக இடித்துத் தள்ளினார்கள். செய்தி வெளியான அன்று உங்கள் வாசகர்கள் பலர் கொதித்து எழுதினார்கள். இருப்பவற்றை மிதிக்கும்போது அந்தக் கோபம் எங்கே போகிறது?

உங்களிடமும் ஒரு கோரிக்கை. அருங்காட்சியகத்து விளக்கங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. வயதானவர்கள் பலர் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். இரண்டு பக்கத்தில், ஆதாரத்தோடு, ஒரு தமிழ்க் கையேடு தயாரித்து ஞாயிறு இதழுடன் வெளியிட்டால் பேருதவி. எழுதித் தர நான் தயார். வரலாற்று ஆசிரியர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். மிகைப்படுத்திய ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது.

வரும் விடுமுறையில் எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 32 பேரை இந்த இரண்டு நாள் வழியில் அழைத்துப் போகிறேன். பஸ்ஸில் இன்னும் எட்டு இடங்கள் இருக்கின்றன. வேறு ஊர்ப் பெற்றோர் விரும்பினால் உங்களுக்கு எழுதட்டும்; நீங்கள் அனுப்பிவைத்தால் பதில் போடுகிறேன். மாற்று உடையும் சேறு பட்டாலும் கவலைப்படாத செருப்பும் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் நாள் மாலை கால்வாய்க் கரையில் பிள்ளைகளுக்கு எம்பிங் கொடுப்பதாக அங்கே வயல் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பீடோங், கெடா.