தண்ணீர் கேன் போட்ட தம்பிக்கு நன்றி

எண்ணூர் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் பரவிப் பறவைகள் மேல் அப்பியது உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. அந்தப் பறவைகளைக் கழுவிய எங்கள் கையில் அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. போவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி தண்ணீர் கேன் போடும் தம்பிக்கு. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எண்ணெய் அப்பிய பறவைக்கு மருந்துதான் முக்கியம் என்று நினைத்துப் பலர் மாத்திரை வாங்கித் தந்தார்கள். உண்மையில் தட்டுப்பாடு தண்ணீருக்குத்தான். ஒரு கூழைக்கடாவை (பெலிகன்) கழுவி அலச நூற்றுக்கணக்கான லிட்டர் ஆகும். அது 40, 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே எண்ணெய் இளகாது, பறவையும் விறைத்துப்போகும். 100 லிட்டருக்கு 1 முதல் 2 லிட்டர் பாத்திரம் கழுவும் திரவம். ஒரு தொட்டி கறுத்ததும் அடுத்த தொட்டி, தண்ணீர் தெளிவாக நிற்கும் வரை. தலைக்கு மெத்தென்ற பல் பிரஷ், கண்ணோரத்துக்குப் பஞ்சு.

இதெல்லாம் சரியாகச் செய்தும் போர் தண்ணீரில் அலசினால் அத்தனையும் வீண். கடலோர போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது இந்தப் பக்கம் எல்லா வீட்டுக்கும் தெரியும். அதற்குக் காரணமான கால்சியம், மெக்னீசிய உப்புகள் இறகிலும் படியும். இறகு நனையாமல் இருப்பதற்கு வாலடிச் சுரப்பியின் எண்ணெய்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் பெரும்பங்கு இறகின் நுண்ணிழைகளுக்கு. அவை ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பின்னிக்கொண்டு நீரைத் தடுக்கின்றன. நடுவில் உப்புப் படிந்தால் அந்தப் பின்னல் சேராது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும் பறவை, குளத்தில் இறக்கியதும் தோல்வரை நனைந்து சூடிழந்துவிடும். கடினத்தன்மை, அதாவது இந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் அலசலுக்கு ஆகும்.

தம்பி வந்தது எங்கள் குடிநீருக்கு 2 கேன் போட. தொட்டியைப் பார்த்தவர், “போர் தண்ணியிலயா அலசுறீங்க?” என்று மட்டும் கேட்டார். காரணத்தைச் சொன்னோம். சாயங்காலம் வண்டியில் 30 கேன் இறங்கியது. ஊரே கேனுக்கு அலைந்த வாரம் அது. சொன்ன விலைக்கு விற்றிருக்கலாம். கூடவே தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் கொண்டுவந்து, “நீங்களே பாத்துக்கோங்கண்ணா” என்று நீட்டினார். டிடிஎஸ் என்பது கடினத்தன்மை அல்ல. ஆனால் டிடிஎஸ்ஸே 50-க்குக் கீழே இருந்தால் கடினத்தன்மை அதைத் தாண்ட வழியில்லை. அது போதுமாக இருந்தது.

கழுவுவதற்கும் மென்னீர்தான் நல்லது, ஆனால் கட்டுபடியாகாது. முதல் தொட்டிகளுக்கு மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர், கடைசித் தொட்டிக்கும் அலசலுக்கும் கேன் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டோம். கழுவுவதைவிட அலசத்தான் நேரம் பிடிக்கும். சோப்பு துளி தங்கினாலும் எண்ணெய் செய்த வேலையைத்தான் அதுவும் செய்யும். தாமரை இலையில் போலத் தண்ணீர் உருண்டு ஓடி, அடித்தூவி உலர்ந்து எழும்பும்போது முடிந்தது என்று அர்த்தம். அந்தத் துளிகள் உருள்வதைத் தம்பி நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவ அண்ணன்மார்களுக்கு: தொழில் நின்று, எண்ணெயை மக்கில் அள்ளிக்கொண்டிருந்த நாளிலும் பறவைக்காகப் படகு எடுத்தீர்கள். அலகைக் கயிற்றால் கட்டாமல் தூக்கி வந்தீர்களே, அதற்குத் தனி நன்றி. கூழைக்கடா வாயால்தான் மூச்சு விடும். இறுக்கிக் கட்டினால் வழியிலேயே போய்விடும். அண்டாவும் கேஸ் அடுப்பும் தந்த கல்யாண சமையல்காரர், கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் பிடித்துவைக்க நீல டிரம் தந்த பழைய சாமான் கடைக்காரர், பழைய லுங்கியும் துண்டும் மூட்டையாகக் கட்டிவந்த அக்காக்கள், மத்தி மீனை ஐஸில் எடுத்துவைத்த மீன்கடை அம்மாக்கள், ராத்திரி கூடவே நின்ற வனத்துறைக் காவலர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு.

“வந்த உடனே ஏன் குளிப்பாட்டவில்லை?” என்று கோபித்துக்கொண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடம்பு வற்றி வந்த பறவையை உடனே கழுவினால், கழுவும்போதே கையில் சாகும். 5 கிலோ பறவைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லி வெதுவெதுப்பான உப்புக்கரைசல் குழாய் வழியே வயிற்றுக்கு, கதகதப்பான அறை, ஒன்றிரண்டு நாள் கழித்து, தலையைத் தூக்கி நின்றால்தான் தொட்டி.

அடுத்த மழைக்காலத்துக்குள் 1000 லிட்டர் டேங்க் ஒன்றும் நீர் மென்மையாக்கும் கருவியும் மாட்டிவிடுவோம். கேனுக்காக யாரையும் இன்னொரு முறை சங்கடப்படுத்த மாட்டோம்.

தம்பி, காலி கேன்கள் வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறோம். சிவப்புக் கயிறு கட்டியவை எண்ணெய்க் கை பட்டவை. எத்தனை கழுவினாலும் அவற்றில் குடிநீர் பிடிக்காதீர்கள். அந்தக் கேன்களுக்கு உண்டான பணத்தைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறோம், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.